ராஜியம்மா மறுத்த ராஜி

திண்டிவனம் கோர்ட்டில் ராஜியம்மாவின் கண்ணில் பட்ட எந்த இரண்டு எதிரிகளும் எதிரிகளாக வீடு திரும்பியதில்லை. மண்டையை உடைத்தவனையும் உடைபட்டவனையும் அவரிடம் விட்டால், சில வாய்தாக்களில் சம்பந்தி ஆக்கி அனுப்பிவிடுவார்.

அவர் பெயர் ராஜி இல்லை. அடிதடி வழக்கில் இரு தரப்பும் சமாதானமாகப் போவதற்குக் கோர்ட்டில் ‘ராஜி’ என்று சொல்வோம். அந்த வக்கீலம்மாவின் வாயிலிருந்து வேறு வார்த்தையே வராததால் அதுவே அவர் பெயராகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘திருமதி ராஜி, வழக்கறிஞர்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். அவரும் திருத்தியதில்லை. பெரும்பாலான வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று அவர் குரலைத் தாங்கும் பாக்கியம் எனக்கு.

குரல் என்றால் சாதாரணக் குரலா? அவர் வேப்பமரத்தடியில் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டில் தலையாட்டுவார்கள்.

அந்த மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. எதிரிகள் இருவரையும் அதில் ஒட்டி உட்காரவைத்து, “எவன் மொதல்ல எழுந்திரிக்கிறானோ அவன் மேலதான் தப்பு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். வெயில் ஏற ஏற, இருவரும் முதலில் வெயிலைத் திட்டுவார்கள். அப்புறம் போலீஸை. அப்புறம் என்னை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்ட ஆரம்பித்துவிட்டால் ராஜி பாதி முடிந்தது என்பது அவர் சித்தாந்தம். அந்த ஒரே ஆள் ஏன் எப்போதும் நானாக இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, “உங்க மூஞ்சி அப்பிடி சார்” என்றார்.

கிளியனூர் பக்கத்து அண்ணன் தம்பி வழக்கு ஒன்று. போர்வெல் தண்ணீர்த் தகராறில் அண்ணன் போட்ட போட்டில் தம்பியின் கை முறிந்துவிட்டது. “கை சரியாவற வரைக்கும் தம்பி நெலத்து வேலை எல்லாம் உன்னுது” என்று அண்ணனுக்கு உத்தரவு போட்டார் ராஜியம்மா. அண்ணன் தம்பியின் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினார், கடலையை ஆய்ந்தார், காயவைத்தார். கடைசியில், “சமாதானமாகப் போகச் சம்மதமா?” என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டபோது, தம்பி கும்பிட்டபடி சொன்னான்:

“இன்னும் ஒரு வாய்தா குடுங்கய்யா. உளுந்து பாக்கி இருக்குது.”

மாஜிஸ்ட்ரேட் முகத்தைக் கோப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

இன்னொருவர் ஆட்டோக்காரர். சவாரித் தகராறில் பல் போய்விட்டது. பல் போனால் சட்டப்படி கொடுங்காயம். “பல்லுக்குப் பல்லு வேணும்” என்று ஒற்றைக் காலில் நின்றார். பெஞ்சில் ஒரு பகல் உட்கார்ந்து எழுந்ததும், “அது ஏற்கெனவே ஆடிக்கினுதாம்மா இருந்துச்சு. ஆஸ்பத்திரில புடுங்கிக்கத்தான் பயந்துக்கினு இருந்தேன்” என்று ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் செல்வியின் வழக்கு வந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன். செல்வியின் தாடையை உடைத்தது அவள் கணவன். நான் அவனுக்கு வக்கீல். ராஜியம்மா செல்விக்கு. இரு வீட்டாரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். ஊரில் பேசி முடித்தாயிற்று. செல்வி தலையாட்டினால் போதும்.

ராஜியம்மா இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. செல்வியை மட்டும் கேன்டீனுக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்து, “ராஜி கெடையாது” என்றார்.

செல்வியின் அப்பாவே பதறினார். “ஊரே கூடிப் பேசிட்டோம்மா.”

“அடி வாங்கினது ஊரா?”

நான் அவரைத் தனியே கூப்பிட்டு, “இன்னாம்மா இது, நீங்களே இப்பிடி சொன்னா எப்பிடி?” என்றேன்.

முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். “சார், சண்டைன்னா ரெண்டு பேரு போடறது. அதுக்கு ராஜி உண்டு. இது சண்டை இல்ல. புருஷன் செருப்பு சத்தம் கேட்டாலே, அடி விழறதுக்கு முன்னாடியே தாடை வலிக்குதுன்னுது அந்தப் பொண்ணு. அத எங்க போயி ஒக்கார வெக்கச் சொல்றீங்க?”

விசாரணை வந்தது. புகார் கொடுத்த அப்பாவே கூண்டில் ஏறி, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டுது” என்று பல்டி அடித்தார். அடுத்து செல்வி ஏறினாள். சாட்சியிடம் அரசு வக்கீலும் நானும்தான் கேள்வி கேட்கலாம். ராஜியம்மா வாய் திறக்கக் கூடாது. கறுப்பு கவுனின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கவே வளாகத்து வக்கீல்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

அரசு வக்கீல் முடித்ததும் நான் எழுந்தேன். “பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில்தான் தாடை உடைந்தது என்கிறேன். சரிதானே?”

செல்வி அப்பாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். ராஜியம்மா கவுனை மென்றுகொண்டே அவளைப் பார்த்தார்.

“தரை, முடியப் புடிச்சி இழுத்துக்கினு வந்து அடிக்குமா சார்?”

அதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை. அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

வெளியே வந்ததும் ராஜியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “தோத்துட்டீங்களே சார், வாங்க டீ வாங்கித் தர்றேன். ஜல்தி! தொண்டையெல்லாம் நூலா இருக்குது!” பஸ் ஸ்டாண்டில் நிச்சயம் தலையாட்டியிருப்பார்கள்.

செல்வி இப்போது விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். வீடு பார்த்துக் கொடுத்தது, வீட்டுக்காரம்மாவிடம் சண்டை போட்டது, பிறகு அவரோடு ராஜியானது எல்லாம் ராஜியம்மாதான். அவரும் விழுப்புரம் கோர்ட்டுக்கே போய்விட்டார்.

எனக்கு அங்கே எப்போதாவது வழக்கு இருக்கும். படியேறும்போதே அந்தக் குரல் வருகிறதா என்று காது தேடும். கேட்டுவிட்டால், வழக்கு போனால் போகட்டும் என்றிருக்கும்.