கூட்டல் குறிக்கு ஒரு காவல்

காலை பத்து நாற்பதுக்கு என் மகளின் லேப்டாப் திரையில் ஒரே சிவப்புப் பிழை வரி திரும்பத் திரும்ப மேலிருந்து கீழ்வரை ஓடத் தொடங்கியது. அதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது. நான் அதை இன்றும் ஏற்கவில்லை.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. அதாவது, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவள். என் மகள் யாழினி, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு 'ஆஸ்பெக்ட் ஓரியண்டட் ப்ரோகிராமிங்' எடுத்திருந்தாள். பயந்துவிடாதீர்கள். ஏற்கெனவே எழுதிய நிரலில் கை வைக்காமல், அதன் வாசல்களில் ஒரு காவலாளியை நிறுத்துவது, அவ்வளவுதான். நோயாளிக்கு டிரிப்ஸ் எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும் என்று கணக்கிடும் நிரல் அவளுடையது. மருந்தின் அளவை மணி நேரத்தால் வகுக்கும்போது, அந்த மணி நேரத்தை யாராவது பூஜ்யம் என்று அடித்துவிட்டால்? அதனால் ஒவ்வொரு வகுத்தலையும் காவலாளி வழிமறித்து, எண்களைப் பார்த்துவிட்டுத்தான் விடுவான்.

நல்ல யோசனைதான். ஆனால் வகுத்தலை மட்டும் கண்காணித்தால் போதுமா? கூட்டல் மட்டும் என்ன யோக்கியமா? (பெற்ற வயிறு சும்மா இருக்குமா?) அன்று காலை அவள் குளிக்கப் போனபோது கூட்டலுக்கும் காவல் போட்டேன். எத்தனை கூட்டல் நடந்தது என்று எண்ணவும் ஒரு வரி சேர்த்தேன். சொல்லாமல் செய்யவில்லை. குளியலறைக் கதவருகே நின்று சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு?

அன்று அவளுக்கு ப்ராஜெக்ட் தேர்வு. அவள் மறந்துவிட்டுப் போன சார்ஜரைக் கொடுக்கத்தான் கல்லூரிக்குப் போனேன். (லீவு போட்டு.) வெளியிலிருந்து வர வேண்டிய தேர்வாளர் சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலில் மாட்டியிருந்தார். அதற்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்றார், ப்ராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியை. யாழினி பொத்தானை அழுத்தினாள். சிவப்பு.

நிரலைத் திறந்து பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வரி யாரு போட்டது?"

"நல்லதுக்குத்தான்டீ போட்டேன்."

"உன் காவலாளி ஒவ்வொரு கூட்டலையும் நிறுத்தி எண்றான். எண்ணணும்னா ஒண்ணு கூட்டணும்ல? அந்தக் கூட்டலையும் அவனே நிறுத்தறான். அத எண்ண இன்னொரு கூட்டல். அதையும் நிறுத்தறான். எப்பதாம்மா உள்ள விடுவான்?"

தன்னையே அடையாளம் தெரியாதவனைக் காவலுக்கு வைக்கும் ஒரு கணினி மொழியை உருவாக்கியவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அப்போது வாதாடத் தெம்பில்லை. இதில் தேறாவிட்டால் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை போய்விடும்.

அவள் ஒரு வரி அடித்தாள்: காவலாளி தன்னைச் சோதிக்க வேண்டாம். நிரல் ஓடியது.

"இப்ப நீயும் வெளிய இரும்மா. ப்ளீஸ்."

வெளியே நின்றேன். கதவை ஒட்டித்தான். உள்ளே ஒரு ஈ போனாலும் அவள் கவனம் சிதறும் என்று எனக்குப் பயம். அப்போது கசங்கிய சட்டையும் கையில் ஹெல்மெட்டுமாக ஒருவர் நேராகக் கதவுக்கு வந்தார்.

"யாரு பேக்கு? ஒளகே எக்ஸாம் இதெ" என்று தடுத்தேன். யார் வேண்டும், உள்ளே பரீட்சை நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

என் கன்னடத்தைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார். "தெரியும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

"ஐடி கார்டு இருக்கா?"

பையின் எல்லா ஜிப்பையும் திறந்து தேடி எடுத்துக் காட்டினார். அதைச் சரியாகப் படித்திருக்கலாம். கண்ணாடி கைப்பையில் இருந்தது. "கொஞ்சம் இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்ச் சொன்னேன். பேராசிரியை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

(என் கணவர் இப்போதெல்லாம் அலுவலக அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் சமையலறைக்குள் வருகிறார். யாழினி தேறிவிட்டாள், வேலைக்கும் போகிறாள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

நான் மறுபடி வெளியே வந்தேன். தேர்வாளர் உள்ளே உட்கார்ந்து, என்ன ப்ராஜெக்ட் என்று கேட்பது கதவு வழியே கேட்டது.

"எந்தக் கணக்கு வந்தாலும் சார், வாசல்லயே நிறுத்தி, யாரு, என்னன்னு விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடும்" என்றாள் யாழினி.

"புரியுதும்மா. நான் அது வழியாத்தான் உள்ள வந்தேன்" என்றார் அவர்.