இடப்பக்கம் ஓட்டி வலம் வந்த கதை

எனக்கு இன்றைக்கும் தனியாகச் சாலையைக் கடக்க வராது. யாராவது கடக்கும்வரை காத்திருந்து, அவர்களுக்கே தெரியாமல் அவர்களோடு ஒட்டிக்கொண்டு போய்விடுவேன். (ஒருமுறை அப்படி என்னை அழைத்துப்போனது ஒரு பசுமாடு.) இந்த லட்சணத்தில்தான், கல்லூரியில் படிக்கும்போது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பைக் கற்றுத்தரும் இணைய விளையாட்டுகள் உருவாக்கும் பகுதிநேர வேலையில் சேர்ந்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடிதான் அலுவலகம். கீழே கல்யாணக் கூட்டம் சேலை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே நானும் முதலாளியான எங்கள் சாரும் இரண்டு கம்ப்யூட்டர்களும். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அப்பாவுக்கு இந்த வேலை அறவே பிடிக்கவில்லை.

"உனக்கே ரோடு தாண்டத் தெரியாது. நீ ஊருக்கு ரூல்ஸ் சொல்லப்போறியா? ஒழுங்கா பேங்க் எக்ஸாம் கோச்சிங்ல சேர்ற வழியப் பாரும்மா."

"ஸ்கூல்ல கேமைக் காட்டுற வரைக்கும் டைம் குடுப்பா. அது ஊத்திக்கிச்சுன்னா நானே போய்ச் சேர்ந்துடறேன்."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி பின்வாங்குவதாக இல்லை. கல்லூரி விட்டதும் நேராக மாடிக்கு ஓடுவேன். நான் உருவாக்கிய விளையாட்டின் பெயர் 'ரவுண்டானா ராஜா'. ஒரு ஷேர் ஆட்டோ ரவுண்டானாவைச் சுற்றிப்போய்ப் பயணிகளை இறக்கிவிட வேண்டும். அப்பாவைக் குளிர்விக்க அவருடைய ஆட்டோவையே வரைந்தேன், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம் உட்பட. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிற்றே என்று ரவுண்டானாவின் நடுவில் ஒரு கோயிலையும் கட்டினேன்.

பிசகியது ஒரே இடத்தில். சார் கொடுத்த விதிகளில் 'எப்போதும் இடப்பக்கம் செல்க' என்று இருந்தது. இடப்பக்கம் என்றால் இடமாகச் சுற்ற வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஆட்டோவை அப்படியே சுற்றவிட்டேன். சிறு வயதிலிருந்து அப்பாவின் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்கார்ந்தே பள்ளிக்குப் போனவள் நான். ஊரே எனக்குத் திருப்பிப்போட்ட மாதிரிதான் பழக்கம். சார் பார்த்துவிட்டு, "கலர் சூப்பரா இருக்குதும்மா" என்றார். (அவர் வீடு அடுத்த தெரு. நடந்தே போகிறவர்.)

பள்ளிக்கு அப்பாதான் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டுப் போகாமல் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சுவரில் படம் விழுந்தது. ஆட்டோ கிளம்பிப் பாதிச் சுற்றுக்கூட வரவில்லை, முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி எழுந்துவிட்டாள்.

"மிஸ், சாமிய தப்பா சுத்துது!"

"ஆமா மிஸ், இடமா சுத்துது! சாமி குத்தம் ஆயிடும்!" என்று வகுப்பே கத்தியது.

"சாமி குத்தம் கெடக்கட்டும்," கடைசி பெஞ்சிலிருந்து அப்பா. "எதுர்ல வர்ற பஸ்ல மோதிடுமேம்மா!"

ஆனாலும் நான் விடவில்லை. "ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, திரை முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிடும் கட்டளையைத் தட்டினேன். ஆட்டோ ஒழுங்காக வலம் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் திரையில் வழிகாட்டிப் பலகைகளிலிருந்த எழுத்துகளும் திரும்பிவிட்டதைக் கவனித்தேன். பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"மிஸ், இது தெலுங்கா?"

"எங்க வீட்ல தெலுங்குதான் பேசுவோம்," என்றான் பக்கத்திலிருந்தவன். "இது அது இல்ல."

பேச்சை மாற்ற அவனையே விளையாடக் கூப்பிட்டேன். அவன் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினான். எல்லாம் திரும்பியிருந்ததால் ஆட்டோ வலப்பக்கம் பாய்ந்து, கோயில் படியேறி, குளத்தில் முங்கியது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்குப்பின் வாங்கியதில்லை. "இன்னொரு வாட்டி மிஸ்!" என்று எல்லோரும் ஆட்டோவை முக்க வரிசையில் நின்றார்கள்.

"என் வண்டிய ஏம்மா கொளத்துல விடுற?" என்றார் அப்பா, நிஜமான வருத்தத்தோடு.

தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோச்சிங் சென்டரின் பெயர்ப்பலகை கண்முன் வந்தது, அதுவும் திரும்பிய எழுத்தில். அழுகைதான் வந்தது. அழுதால் அப்பா ஜெயித்துவிடுவார். லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

"எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க!"

சுண்ணாம்புப் பொடியால் பெரிய வட்டம் போட்டேன். நடுவில் சாமி வேண்டுமே? அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "கோயில்ல எப்படிச் சுத்துவீங்களோ, அப்படியே வண்டியும் சுத்தணும். இடப்பக்கமா ஓட்டி, வலம் வரணும். வெளிய வரும்போது கையை நீட்டி இண்டிகேட்டர் போடணும்." சொல்லி முடித்தபோதுதான் எனக்கே அது புரிந்தது. பிள்ளைகள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றினார்கள். ஒருவர்மேல் ஒருவர் மோதவில்லை. நடுவே அப்பா வியர்வை வழிய நிற்க, சுற்றுகிற பிள்ளைகளெல்லாம் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

திரும்பும்போது அப்பா ஆட்டோவை ஓட்டிக்கொண்டே, "கோச்சிங் வேணாம் வுடு. என்னையே சாமியாக்கிட்ட, இனிமே நான் இன்னாத்த சொல்றது?" என்றார். அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது. பின்சீட்டில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

வெற்றிக்களிப்பு சில வாரம்தான். ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்த அப்பா சாவியை வீசி எறிந்தார். "உன் பக்தகோடிங்க சைக்கிள்ல ரவுண்டானாவ மூணு சுத்து சுத்திக்கினு இருக்குதுங்க! கன்னத்துல வேற போட்டுக்குதுங்க! சவாரியோட நான் நிக்கிறேன்!" விளையாட்டைத் திருத்தி எழுதியபோது 'ஒரு சுற்று போதும்' என்று பெரிதாக ஒரு பலகை வைத்தேன்.

அது அங்கேயே முடிந்திருக்கலாம். என் கல்யாணத்தில் அக்கினியை வலம் வந்து, மூன்றாவது சுற்று முடிந்து மணைக்குத் திரும்பும் நேரம், மேளச் சத்தத்தையும் மீறி அப்பாவின் குரல் கேட்டது.

"இண்டிகேட்டர் போடும்மா!"

என்னை அறியாமல் இடது கையை நீட்டிவிட்டேன். எங்கள் ஆல்பத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டிச் சிரிக்கும் படம் அதுதான். பட்டுச்சேலையில் நான் கை நீட்டியபடி நிற்கிறேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த நாத்தனார் ஒதுங்கி வழிவிடுகிறார்.