கரப்பான் வதைப் படலம்

ஏணியின் உச்சிப் படியில் ஒற்றைக் காலூன்றி, கூரையும் சுவரும் கூடும் மூலையைச் சொட்டுச் சிந்தாமல் தொட்டு மீளும் நெடுங்கையனை. நாலங்குலப் பிரஷ்ஷே வாளாக, டப்பா மூடியே கேடயமாக, மாடி மாடியாய் உயர்ந்த புறச்சுவரைக் கயிற்றூஞ்சலில் தொங்கியபடி வெயிலோடு பொருது வென்ற வீரனை. புருவத்தில் நீலமும் காதோரம் மஞ்சளும் கழுவினாலும் போகாத விழுப்புண்களாய்த் துலங்க, தின்னர் மணம் கமழும் திருமார்பனை. பெயிண்டர் என்று உற்றாரும் ஊராரும் ஏத்தும் பெருந்தகையை வணங்கித் தொடங்குகிறோம். கலைமகளே, எம் நாவில் வந்து அமர்க. அமருமுன் சற்றே துடைத்துவிட்டு அமர்க, ஏனெனில் இக்கதையில் வரும் இருக்கைகள் அனைத்திலும் களிம்பு ஒட்டியிருக்கிறது.

பாசி படர்ந்த சுவர் அவன் முன் பணிந்தது. விரிசல் விட்ட சுவர் பட்டிப் பூச்சை வாங்கிக்கொண்டு வாயை மூடியது. அத்தகையோன் ஒரு மாலைப்பொழுதில், தன் சொந்த வீட்டில், தான் பெற்ற பிள்ளையின் முழங்கை மடிப்புக்கு ஒரே ஒரு கோட் களிம்பு பூசப் புறப்பட்டுப் பட்ட பாட்டைப் பகர்வதே எம் நோக்கம்.

பிள்ளைக்குச் சில்வண்டு என்று பெயர் விழுந்திருந்தது. வயது மூன்றரை. நின்றால் தகப்பனின் இடுப்புக்கு வரமாட்டாள். வாய் திறந்தால் அடுத்த தெருவில் கதவைச் சாத்துவார்கள். இந்தச் சிற்றுருவப் பெருங்குரலாளின் இரு முழங்கை மடிப்பிலும், முழங்காலின் பின்மடிப்பிலும், சில வாரங்களாகச் செந்நிறத் திட்டுகள் பாளையம் இறங்கியிருந்தன. தோல் வறண்டு செதில் செதிலாய் வெடிக்க, அரிப்பென்னும் அரக்கன் பகலில் பதுங்கிப் படுக்கையில் பாய்ந்தான். அவள் சொறிந்தாள். சொறியச் சொறிய அரித்தது. அரிக்க அரிக்கச் சொறிந்தாள்.

முந்தின நாள்தான் டாக்டரிடம் போனார்கள். அவர் பார்த்தார், களிம்பு எழுதினார், பிறகு நம் தலைவனின் குலதர்மத்தையே கலகலக்க வைக்கும் ஒரு கட்டளையும் இட்டார்.

"வெதுவெதுன்னு தண்ணில கொஞ்ச நேரம் குளிப்பாட்டுங்க. துண்டால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள களிம்பைத் தாராளமாப் பூசிடுங்க."

"ஈரத்து மேலயா?" பெயிண்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "பொருமி உரிஞ்சு வந்துடுமே டாக்டர்!"

"உங்க பொண்ணு சுவர் இல்லீங்க. ஈரத்த உள்ள வச்சுப் பூட்டறதுக்குத்தான் களிம்பு."

ஈரச் சுவரில் பிரஷ் வைப்பவன் பெயிண்டரே அல்லன் என்று தன் குருவின் முன் சத்தியம் செய்தவன் அவன். ஒரு தோளில் குருவின் வாக்கும் மறு தோளில் மகளுமாய்ப் படியிறங்கி, மருந்துக்கடை வாசலில் நின்றான். அங்கேதான் விதி வெள்ளைச் சட்டை அணிந்து, கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருந்தது.

"அட, இது கரப்பான்தாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர், சீட்டைப் பார்த்தபடியே. "சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுதான். இதப் பூசுங்க, கரப்பான் இருந்த இடம் தெரியாமப் போயிடும்."

தகப்பன் சில்லறையை எண்ணினான். தோளிலிருந்த மகள் மெல்லத் தலையைத் தூக்கித் தன் முழங்கையைப் பார்த்தாள். அக்கணத்தில் மூண்டது போர். மூண்டதை அறிந்தவள் அவள் ஒருத்தியே.

அன்று மாலை தாய் களிம்போடு நெருங்கினாள். அவள் எளியவள் அல்லள். செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். பகலெல்லாம் பிறர் காலுக்குப் பாதுகை சூட்டுபவள், வீட்டில் தன் பாதுகையைக் கழற்றினால் அது குறி தப்பியதே இல்லை. அவளிடமிருந்தும் சில்வண்டு நழுவினாள். இரவு முழுக்கச் சொறிந்தாள். விடிந்தபோது தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள். மூவருமே தூங்கவில்லை.

"இன்னிக்கும் போடலன்னா புண்ணாயிடுங்க," என்றாள் தாய், வேலைக்குக் கிளம்பும்போது. வாசலில் நின்று திரும்பி, காவியங்களில் சூளுரை எனப்படுவதைச் சொல்லிவிட்டுப் போனாள். "ஊர்ல இருக்கற சுவருக்கெல்லாம் ரெண்டு கோட் அடிக்கிறீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு கோட் அடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

தைத்தது. அம்பு தைத்த யானை பிளிறும். பெயிண்டர் பிளிறவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டான். மாலையில் போர்க்கோலம் பூண்டான். பலவண்ணம் தெறித்த பழைய பேன்ட்டே கவசம். செய்தித்தாளை மடித்துச் செய்த தொப்பியே மணிமுடி. தரையெங்கும் தாள் விரித்தான். எந்த வேலையையும் தாள் விரிக்காமல் தொடங்கியவன் இல்லை அவன்.

முதற்களம் குளியலறை. அங்கே எதிர்ப்பே இல்லை. வெதுவெதுப்பான நீரில் சில்வண்டு வாளிக்குள் அமர்ந்து, மக்கில் மொண்டு தகப்பன் முகத்தில் ஊற்றிச் சிரித்தாள். இவ்வளவுதானா என்று எண்ணினான் ஏமாளி. துண்டால் ஒத்தி எடுத்தான். தோலில் பனித்திவலை போல ஈரம் நின்றது. ஆயுள் முழுதும் கற்ற கல்வி 'காயட்டும், காயட்டும்' என்று உள்ளிருந்து கூவ, அதன் வாயைப் பொத்தி, குருவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டு, களிம்பு டப்பாவைத் திறந்தான்.

'டப்' என்றது மூடி.

அவ்வொலி கேட்டதும், வலை கிழித்த விரால் போல, வில் விடுத்த கணை போல, அடகுக்காரரைக் கண்ட கடனாளி போல, துண்டு ஒருபுறம் துணிவு ஒருபுறமாய்த் தகப்பன் நிற்க, நனைந்த மேனியள், நுரை உலராத் தலையள், நாணம் என்பதையே அறியாள், சில்வண்டு குளியலறை கடந்து, கூடம் கடந்து, சோபாவின் முதுகேறிக் குதித்து, மேசைக்கு அடியால் புகுந்து நாற்காலிக்கு அப்பால் வெளிப்பட்டு ஓடினாள். கைநிறையக் களிம்பு அள்ளிய கோலத்தில் பெயிண்டர் பின்தொடர்ந்தான். தான் விரித்த தாளில் சிந்திய களிம்பிலே தானே வழுக்கி விழுந்தான். பிடித்தான், பிடிபட்டது திரைச்சீலை. மீண்டும் பிடித்தான், பிடிபட்டது டிவி ரிமோட். கதவின் கைப்பிடிக்குக் களிம்பு ஆயிற்று, சோபாவின் இரு கைகளுக்கும் ஆயிற்று, அவனுடைய இடது காதுக்குள்ளும் ஆயிற்று. அவ்வீட்டில் களிம்பு படாமல் எஞ்சியவை சில்வண்டின் வலது முழங்கையும் இடது முழங்கையும்தான்.

ஈற்றில் அவள் தன் பெருங்கோட்டையுள் புகுந்தாள். கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸ்களே மதிலாக. கோட்டையை வளைப்போர் உழிஞைப் பூவும் காப்போர் நொச்சிப் பூவும் சூடுவது பண்டை மரபு. இங்கே வளைத்தவன் தலையில் ஒட்டடை சூடினான். காத்தவள் தலையில் ஷாம்பு நுரை சூடியிருந்தாள்.

"போப்பா! கிட்ட வராத! கடிச்சிடுவேன்!" என்று மதிலுக்குள்ளிருந்து முழங்கிற்று ஆணை.

அரசர்க்கு உரைத்த நால்வகை உபாயங்களையும் ஒவ்வொன்றாக இறக்கினான் தலைவன். முதலில் சாமம். கண்ணே என்றான், பொன்னே என்றான், பெயிண்ட் டப்பாவில் பார்த்த நிறங்களின் பெயரையெல்லாம் சொல்லிக் கொஞ்சினான். பயனில்லை. அடுத்து தானம். பிஸ்கட் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டான். பிஸ்கட் ஏற்கப்பட்டது, உடன்படிக்கை ஏற்கப்படவில்லை. பிறகு பேதம். "பக்கத்து வீட்டுப் பாப்பா எவ்ளோ சமத்தா மருந்து போட்டுக்கறா தெரியுமா?" என்றான். "அப்ப அவளுக்கே போடு," என்று வந்தது விடை. எஞ்சியது தண்டம் ஒன்றே.

"இரு இரு. அம்மா வரட்டும், சொல்றேன்."

அந்தச் சொல் செய்த வேலையை அவன் எதிர்பார்க்கவில்லை. கோட்டைக்குள் ஆரவாரம் அடங்கியது. விசும்பல் கேட்டது. அடம்பிடிக்கும் அழுகையின் சுருதி அவனுக்கு அத்துப்படி; இது அதுவல்ல. நிஜமாகவே பயந்த அழுகை. பெயிண்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தான். கன்னம் தரையில் பட, கட்டிலடியை நோக்கினான். மகள் தன் முழங்கையை மார்போடு அணைத்துக்கொண்டு அதனிடமே கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"அழாத. அம்மா வந்தா நான் சொல்ல மாட்டேன். தூங்கு, தூங்கு..." சொல்லிக்கொண்டே வறட்டு வறட்டென்று சொறிந்தாள்.

"சொறியாத கண்ணு, ரத்தம் வருது பாரு."

"சொறியல. தட்டிக் குடுக்கறேன்."

"யாருக்கு?"

"கரப்பானுக்கு."

அந்தோ! ஒரு சொல்! தோலில் வரும் நோய்க்கும் அலமாரியில் வரும் பூச்சிக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்த முன்னோரே, யானைக்கு மட்டும் அத்தனை பெயர் சூட்டியவர்களே, உங்களுக்கு அன்று சொற்பஞ்சமா வந்தது? போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தாய் கழற்றி வீசிய செருப்புக்கு ஒரு கரப்பான் இரையானதும், மல்லாந்து கிடந்த அதன் கால்கள் நெடுநேரம் ஆடியதும், அதைப் பார்த்துச் சில்வண்டு சோறு வேண்டாம் என்று அழுததும் பெயிண்டரின் நெஞ்சில் ஒருங்கே உதித்தன. பிழைத்த ஒன்று தன் கையில் அடைக்கலம் புகுந்ததென்று எண்ணிவிட்டாள் பிள்ளை. ஊர்வது அதுதான், ஆகவேதான் அரிக்கிறது. மருந்து போட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பேதை மகள் சொறிந்துகொண்டிருக்கவில்லை, அடைக்கலம் காத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கரப்பான் வேற கண்ணு, இந்தக் கரப்பான் வேற," என்று விளக்கத் தொடங்கினான் அறிவிலி.

சில்வண்டின் கண்கள் விரிந்தன. "ரெண்டு இருக்கா?"

மறு முழங்கையையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அடைக்கலம் இரட்டித்தது. இலக்கணம் தோற்ற அவ்விடத்தில், கையிலிருந்த களிம்பைப் பார்த்தான் பெயிண்டர். தான் வழுக்கி விழுந்த தரையைப் பார்த்தான். ஞானம் பிறந்தது.

"இது அடிக்கற மருந்து இல்லடா செல்லம். அப்பா வழுக்கினேன் பாத்தியா? இது சறுக்குமரம்."

"யாருக்கு?"

"கரப்பானுக்குத்தான். இதப் போட்டா அது ஜம்முனு சறுக்கிட்டு அதோட வீட்டுக்குப் போயிடும். அவங்கம்மா தேடுவாங்கல்ல?"

நெடுநேரம் ஆலோசித்தது கோட்டை. "அவங்கம்மாவும் செருப்புக் கடைக்குப் போயிருக்காங்களா?"

"வர்ற நேரம்தான்."

சூட்கேஸ் மதில் சரிந்தது. ஒரு கை வெளியே நீண்டது. "அப்ப சீக்கிரம் போடுப்பா."

காய்ந்திருந்த தோலை ஈரத்துணியால் மீண்டும் ஒத்தி நனைத்தான். அழுத்தாமல், தேய்க்காமல், மேலிருந்து கீழாக ஒரே வாட்டத்தில், ஓரம் பிசகாமல், தன் வாழ்நாளின் மிகச் சிறிய சுவருக்கு மிகச் சிறந்த கோட் ஒன்றை அடித்தான். வலது, இடது, பின்முழங்கால் இரண்டு. "இன்னும் வழவழன்னு போடு, அது மாட்டிக்கும்," என்று மேற்பார்வை செய்தாள் சில்வண்டு. மேலும் ஒரு கோட் ஏறியது. நகம் வெட்டவும் விரலை நீட்டினாள். போகிற வழியில் கீறிவிடக் கூடாதாம்.

இவ்வாறு வெற்றி கைகூடிய வேளையில் வாசற்கதவு திறந்தது. தாய் உள்ளே வந்தாள். அவள் செருப்பைக் கழற்றக் குனிந்த அதே நொடியில், ஊழ்வினை உருத்து வந்தாற்போல, சமையலறைக் கதவடியிலிருந்து மீசை இரண்டு அசைய, அரக்குநிறக் கவசம் மின்ன, உண்மையான கரப்பான் ஒன்று கூடத்துக்குள் நடந்து வந்தது.

குறி தப்பாப் பாதுகை உயர்ந்தது.

"அம்மா! அடிக்காத! அது என்னோடது!" என்ற சில்வண்டின் ஓலத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன. "இப்பதான் சறுக்கிட்டு வீட்டுக்குப் போகுது!"

இச்செருப்பு விழுந்தால் விழுவது பூச்சி மட்டுமன்று; இனி அவ்வீட்டில் எந்தக் களிம்பும் எந்த முழங்கையையும் தீண்டாது, எவருக்கும் உறக்கமுமில்லை. இதைக் கண்ணிமைப்பில் கணித்த பெருமான், காதில் களிம்பும் தலையில் ஒட்டடையுமாய்ப் பாய்ந்து, இரு கைகளையும் அகல விரித்து, மனைவிக்கும் கரப்பானுக்கும் நடுவே மலையென நின்றான்.

"ஏங்க, தள்ளுங்க. பின்னாடி கரப்பான்."

"தெரியும். விட்டுடு, அது நம்ம ஆளு."

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. அவள் பார்வை களிம்பேறிய கதவையும் திரைச்சீலையையும் கணவனையும் கடந்து, மகளின் முழங்கையில் போய் நின்றது. அது விளக்கொளியில் பளபளத்தது.

"ஒரு கோட்டா?" என்றாள்.

"ரெண்டு," என்றான் பெயிண்டர்.

செருப்பு தாழ்ந்தது. திசைகள் மூச்சு விட, அடைக்கலம் காத்த அரசியாம் சில்வண்டு கையசைத்து விடைகொடுக்க, தன் பொருட்டு ஒரு குலமே கலங்கியதை அறியாத அவ்வறுகாலோன் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, களிம்பு பட்ட இடத்தில் மெய்யாகவே ஒருமுறை சறுக்கி, மீசையை நிமிர்த்திக்கொண்டு அடுப்புக்கு அடியில் எழுந்தருள, இருமுனைப் போரில் ஒருவரையும் கொல்லாது வென்ற பெருவீரனுக்கு வாகை மாலை சூட்டவும் வான்முட்ட வாழ்த்தவும் யாம் எழுத்தாணியை உயர்த்துமுன், அவன் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

சில்வண்டு சொறியாமல் தூங்கிவிட்டாள், பெயிண்டர் தரையைத் துடைத்தான்.