‘வெப்சைட்’டுக்கு வேலை கிடைத்த விதம்

கேட்காத மனிதர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்ததில், கோயமுத்தூர் ஜில்லாவில் என் அறைத்தோழனை மிஞ்ச ஆள் கிடையாது. காந்திபுரத்தில் நாங்கள் தங்கியிருந்த மேன்ஷனில் அவனுக்குப் பெயரே ‘வெப்சைட்’தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வாடகை ரசீதில் மட்டும் இருந்தது.

நான் பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அவன் சத்தியமங்கலத்துக்காரன். கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, புரோகிராம் எழுதுவதைத் தானாகவே கற்றுக்கொண்டு, ஐ.டி. வேலை தேடி வந்திருந்தான். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: முன் அனுபவம் உண்டா?

“வேலை குடுத்தாத்தானுங்ணா அனுபவம் வரும். அனுபவம் இருந்தாத்தான் வேலைங்கறாங்க,” என்றான் ஒரு நாள், பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி. “அதனால அனுபவத்த நாமளே உண்டாக்கிக்கலாமுன்னு இருக்கறனுங்.”

முதலில் மாட்டியது மேன்ஷன் குளியலறை. எங்கள் மாடிக்கு ஒன்றே ஒன்று. அவன் செய்த வெப்சைட்டில், உள்ளே போகிறவர் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், வெளியே வந்ததும் இன்னொன்றை. மற்றவர்கள் கட்டிலில் படுத்தபடியே காலியா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு திங்கட்கிழமை, மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் குளித்துவிட்டு, பட்டனை மறந்து, பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார். மாடி முழுக்கத் துண்டும் சோப்புமாக ஆண்கள் போனைப் பார்த்தபடி நின்றார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட.

அடுத்தது கீழே இருந்த மெஸ். அதை நடத்தியவர் சரசக்கா. அவர் வேண்டாம் என்றதை இவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். தினசரி மெனு சரியாக வருகிறதா என்று பார்க்க, ‘இன்று ஸ்பெஷல்: மட்டன் சுக்கா’ என்று எழுதிப் பார்த்தவன், அதை அழிக்க மறந்துவிட்டான். அன்று அமாவாசை. அக்கா வெங்காயம்கூட உரிக்காத நாள். மத்தியானம் பக்கத்து ஆபீஸ்களிலிருந்து கூட்டம் வந்து இறங்கியது.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். “ஏங்கண்ணு, அமாவாசையன்னிக்கு எங்கூட்டு அடுப்புல கறி வேகுதுன்னு ஊருக்கே சொல்லிப்போட்டியா?”

“நாந்தானுங்க்கா தப்புப் பண்ணிப்போட்டேன். இருங்க, எடுத்துர்றேன்.”

கை கழுவுகிற இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து சரி செய்தான். பிறகு வந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு, பருப்புக் குழம்பு நன்றாக இருக்கும் என்று சொல்லி உட்கார வைத்தான். பாதிப் பேர் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து அவனைத் திட்டுவது அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது, மெஸ் வெப்சைட்டும்தான். சப்பாத்தி தீர்ந்தால் போன். ரசத்துக்குப் பதில் சாம்பார் படம் வந்தால் போன். ஒரு தடவை பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சலூனிலிருந்து ஓடி வந்தான்.

இதற்கிடையில் ஊரிலிருந்து அவன் அப்பா கூப்பிட்டார். “மல்லிப்பூ பறிக்க ஆள் கெடைக்கல சாமி. பொங்கலுக்கு வந்தீன்னா இங்கயே இருந்துக்க.” அதட்டியிருந்தால் இவன் பதில் சொல்லியிருப்பான். அவர் அதட்டவில்லை. அன்று முழுக்க லேப்டாப் மூடியே கிடந்தது.

மார்கழியில், சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்தது. திரும்பி வந்தவன் சொன்னான்: “இதுக்கு முந்தி யாருக்கு வேலை செஞ்சீங்க, விசாரிக்கோணும்னாங்க. அக்கா நம்பரக் குடுத்துப்போட்டனுங்ணா.”

நான் மட்டன் சுக்காவை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. அக்கா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கம்பெனியிலிருந்து ஒரு பெண் மரியாதையாக விசாரித்தார்.

“அவனப் பத்தியா கேக்கறீங்க?” என்று ஆரம்பித்த அக்கா, மட்டன் சுக்காவிலிருந்து சாம்பார் படம் வரை ஒன்றையும் விடவில்லை. போதாததற்குக் குளியலறையையும் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப வேலைக்கு எடுக்க வேண்டாங்கறீங்களா?”

அக்காவின் கை மாவிலேயே நின்றது. “நான் எங்கீங்க அப்படிச் சொன்னேன்? தப்புப் பண்ணுவானுங்க. ஆனா கூப்புட்டா ஓடியாந்துருவான். செரி பண்ற வரைக்கும் சோத்துல கை வெக்கமாட்டான். ஒரு நாளும் பழியக் கம்ப்யூட்டர் மேல போட்டதில்லீங்க.”

“சரிங்கம்மா, இது போதும்,” என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டார்.

தை பிறப்பதற்குள் வேலைக்கான உத்தரவு வந்தது. விஷயத்தைச் சொன்னபோது அப்பா, “செரி சாமி, பூவுக்கு ஆள் பாத்துக்கறேன். நீ நேரத்துக்குச் சாப்புடு,” என்று மட்டும் சொன்னாராம். இவன் அதைச் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போவதாக வெளியே போய் வெகுநேரம் வரவில்லை.

இப்போது அவன் ஆபீஸ் பக்கத்திலேயே ஜாகை மாறிவிட்டான். எனக்கு சரவணம்பட்டியில் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால், அந்தப் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுகிறேன்.