சக்கரபாணியின் பதினெட்டு வோல்ட்

"மணி ரெண்டாச்சு. நாலுக்கு ரூம் பாக்க டீச்சரம்மா வந்துடுவாங்க. ரெண்டு ஆணி அடிக்க இவ்ளோ நேரமா?" என்று கேட்டார் அருணாதேவி.

"ஆணி இல்ல அருணா, துளை," என்று பணிவுடன் திருத்தினார் கணவர் சக்கரபாணி. காலையில் வாங்கிய ஒயரில்லாத டிரில்லிங் மிஷினை இரு கைகளாலும் ஏந்தியிருந்தார்.

மலையடிவார ஊரான அடி அண்ணாமலைக்கு அறை தேடி வருவோர், வாடகைக்கு முன்பு, "மலை தெரியுமா?" என்றே கேட்பார்கள். சக்கரபாணியின் அறையோ நெல் மூட்டைக்காகக் கட்டப்பட்டது. மலைப்பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. ஆறு மாதமாக வந்தவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். ஆகவே அச்சுவரில் மூன்றடி அகல மலைப் படமொன்றை மாட்டத் தீர்மானித்திருந்தார்.

"இவங்களும் வேணாம்னுட்டா, இதுல எருமையக் கட்டிடுவேன்," என்று அருணாதேவி அறிவித்திருந்தார்.

முதல் துளை, வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல் விழுந்தது. சக்கரபாணிக்கு மெய்சிலிர்த்தது.

"பாத்தியா! பதினெட்டு வோல்ட்டு!"

இரண்டாவது இடத்தில் கல். முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார். மிஷின் முனகியது, பேட்டரியில் சார்ஜ் காட்டும் விளக்குகளில் ஒன்றே மிஞ்சியது. உடனே சார்ஜரில் செருகினார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டி மறுத்தது.

கடைக்காரர் கண்ணாயிரத்துக்குப் போன் செய்தார்.

"ஜாஸ்தி அழுத்திட்டீங்களா? சூடா இருந்தா சார்ஜ் ஏறாதுங்க. ஆற வைங்க."

ஃபிரிட்ஜில் வைத்தார்.

"மாவுச் சட்டி மேலயா வெச்சீங்க?" என்று அருணாதேவி அலறினார்.

வியர்த்து வெளிவந்த பேட்டரியை வெயிலில் காயவைத்தார். மறுபடியும் சூடேறியது. விசிறியால் வீசி ஆற்றி, மீண்டும் சார்ஜரில் செருகி, ஒருவாறு மூன்று விளக்கு ஏற்றியபோது மணி மூன்றரை.

"இப்ப அழுத்த மாட்டேன்," என்றவர், மிஷின் தானே இடித்துத் துளைக்கும்படி, பொத்தானைச் சுத்தியல் படம் போட்ட பக்கம் தள்ளிவிட்டு விசையைத் தொட்டார்.

சுவர் அதிர்ந்தது. ஒரு செங்கல் போயிற்று. அதன் துணைக்கு மேலும் பல போயின.

புழுதி அடங்கியதும் இருவரும் ஓட்டை வழியே பார்த்தார்கள். சுவருக்குப் பின்னால் மலை இருப்பது அவர்கள் அறியாததன்று. ஆயினும், அது இப்படி அறைக்குள்ளேயே வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை. உச்சியில் ஒரு மேகம் தங்கியிருந்தது. சக்கரபாணி தம்மையறியாமல் கைகூப்பினார்.

"கும்பிட்டது போதும். ஓரமெல்லாம் பல்லிளிக்குது. படத்த உருவிட்டு, கண்ணாடியும் சட்டமும் மட்டும் மாட்டுங்க!"

மிச்சமிருந்த சார்ஜில், சற்றுத் தள்ளி, இரண்டாம் துளையும் விழுந்தது. சட்டம் ஓட்டையை அப்படியே மூடியது. வாசலில் ஆட்டோ நின்றது.

ஆற்காட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஜோதியம்மாள், அறைக்குள் நுழைந்ததும் அசையாமல் நின்றார். நெடுநேரம் பார்த்தார். கண்கள் கலங்கின.

"ரூம எடுத்துக்கறேங்க," என்றார். பிறகு சட்டத்தின் நாற்புறமும் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டார்:

"மேகங்கூட நகருதே... இவ்ளோ பெரிய டிவிக்கு ஒயரே காணோம். பேட்டரியிலயா ஓடுதுங்க?"