கண்ணாடிக்கு வந்த கிட்னிப் புற்று

உலக மருத்துவ வரலாற்றை ஆயுத பூஜைக்கு முன், ஆயுத பூஜைக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பெருமை கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தைச் சேரும்.

வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய குஞ்சம்மாளுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. புருஷன் சின்னக்கண்ணுவுக்குப் போன வருஷம் புற்று வந்து ஒரு கிட்னியை எடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் ஒன்றிலும் இப்போது ஒரு கட்டி. அதில் கிள்ளிய சதையைத்தான் இங்கே சோதித்திருந்தார்கள். இதுவும் புற்றென்றால் இதையும் எடுப்பார்கள். அப்புறம் மனுஷன் எதை வைத்துப் பிழைப்பது? ரிப்போர்ட்டைக் கேட்கப் பயந்து அவன் மலையிலேயே தங்கிவிட்டான்.

இயக்குநர் இளஞ்செழியன் கருணையோடு விளக்கினார். "பாரும்மா, ஒடம்புக்குள்ளயே இருந்துக்கினு ஒடம்பைத் திங்கறதுதான் புத்து. அது மேல ஆன்டிஜென்னு ஒரு அடையாளம் இருக்கும். கண்ணாடித் துண்டுல சதைய வெச்சி, ஆன்டிபாடின்னு ஒரு மருந்தை வுடுவோம். அது அந்த அடையாளத்தைத் தேடிப் போயி ஒட்டிக்கும். ஒட்டுன எடம் பழுப்பாயிடும்."

"எங்க வூட்டுக்காரருது இன்னாச்சிங்க?"

"ஒரே பழுப்பு! மைக்ராஸ்கோப்பே வேணாம், கண்ணுக்கே தெரியுது!" என்றார், பரிசு விழுந்தவர் போல.

குஞ்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டெக்னீஷியன் இசைவாணி மெல்ல இழுத்தாள். "சார், சதையே வெக்காத வெறுங் கண்ணாடியும் பழுப்பாத்தான் இருக்குது."

இயக்குநர் துள்ளி எழுந்தார். "அப்போ கண்ணாடிக்கும் கிட்னிப் புத்து! ஒலகத்துலயே மொத தடவை! பத்திரிகைக்காரங்களக் கூப்புடு!"

"டிரே மேலயும் இருக்குது சார். நேத்து ஆயுத பூசையில நீங்கதான கண்ணாடி, டிரேன்னு ஒண்ணு வுடாம சந்தனம் வெச்சீங்க?"

துள்ளி எழுந்த இயக்குநர் விஞ்ஞானபூர்வமாக மறுபடி உட்கார்ந்தார். மிச்சமிருந்த சதையைப் புதுக் கண்ணாடியில் வைத்து மறுபடி சோதித்தார்கள். ஆன்டிபாடி எங்கேயும் ஒட்டவில்லை. சாதாரணக் கட்டிதான். குஞ்சம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுது தீர்த்தாள்.

இயக்குநர் சும்மா இருப்பாரா? சாயங்காலத்துக்குள் வாசலில் பேனர் ஏறிவிட்டது: "ஒரே நாளில் கிட்னிப் புற்று மாயம்!" தாமே வரவழைத்த பொன்னாடையைத் தாமே போர்த்திக்கொண்டு, மைக்கைக் குஞ்சம்மாளிடம் நீட்டினார். "நாலு வார்த்தை பாராட்டிப் பேசும்மா."

அவள் மனசாரப் பாராட்டினாள். "அந்த மருந்து ரொம்ப நல்ல மருந்துங்க. உள்ளயே குந்திக்கினு ஒடம்பைத் திங்கறது எதுன்னு காட்டிக் குடுத்துடுமாமே. கொஞ்சம் மிச்சம் இருந்தா, சார் குந்தற நாற்காலி மேலயும் ஒரு சொட்டு வுட்டுப் பாருங்க."