வாட்சைக் கழற்றும் காட்சி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் ஆசியுடன் எழுதுவது. நீயும், உன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் உன் அக்காவும் நலம்தானே? இங்கே நானும் மகளும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. நீ எடுத்த படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

ஏன்டா, படமா அது? ஊருக்கெல்லாம் நல்லவனாகத் திரிகிற ஒருத்தன், வீட்டுக்குள் வந்ததும் ரம்பத்தை எடுத்து ஆளை அறுக்கிறான். கேட்டால், ஆம்பளைத் திமிரைப் பற்றிய சமூக விமர்சனம் என்று பேட்டி கொடுக்கிறாய். வாளி வாளியாக ரத்தம் ஊற்றினால் விமர்சனமா? லாரிப் பட்டறையில் ஆயுள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிய நான், முதல் கை துண்டானபோதே மயங்கி முன்சீட்டுக்காரர் தலையில் சாய்ந்துவிட்டேன். (ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.) டிக்கெட் கிழிப்பவர் வந்து முகத்தில் சோடா அடித்து எழுப்பினார், சட்டை நனைந்தது, செருப்பில் ஒன்றைக் காணோம், உன் அக்காவோ கண்கொட்டாமல் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருக்கிறாள்!

உனக்குப் பயமுறுத்தவும் தெரியவில்லை. அறுக்கிற இடத்தில் கண்ணை மூடியதெல்லாம் ஆண்கள். பெண்கள் ஒரு சொட்டு ரத்தம் இல்லாத இடத்தில் மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் வேலையிலிருந்து வந்து, ரம்பத்தை எடுக்கும் முன், வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறானே, அங்கே.

திரும்பும் வழியில் உன் அக்கா, "அறுத்ததெல்லாம் பயமா இல்லைங்க. வாட்சைக் கழட்டுனான் பாருங்க, அங்கதான் கண்ணை மூடிக்கிட்டேன். என் தம்பி நம்ம வீட்டுல தங்கிப் படிச்சவன்தானே, பார்த்துத்தான் எடுத்திருக்கான்" என்றாள். மறுநாள் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நீயே சொல், அவள்மேல் கை வைத்திருக்கிறேனா? கதவை உதைத்திருப்பேன், தட்டை வீசியிருப்பேன், சுவரைக் குத்தியிருப்பேன். குத்தும்போது கண்ணாடி உடையக்கூடாதே என்றுதான் வாட்சைக் கழற்றுவது. பொருளின் அருமை தெரிந்தவன் செய்கிற காரியம் அது! அதைப்போய் ஒரு கொலைகாரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே. கோபம் வராத ஆம்பளை உண்டா? வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை மச்சான். எல்லாம் உன் கற்பனைதான் என்று அவளிடம் சொல்லி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவை.

உன் அடுத்த படம் யாரையும் அறுக்காமலே நன்றாக ஓட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பிய உன் அத்தான்

பின்குறிப்பு: எழுதி முடித்தபோது கை வியர்த்திருந்தது, வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். எதிரில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டாள். "கை வேர்த்துச்சும்மா, அதான்" என்று வெளியே நின்று சொல்லிப் பார்த்தேன். திறக்கவில்லை. அக்காவை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.